துயர நாளில் தளராத விசுவாசம்: மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன், அரசுத் தேர்வுக்கு இரண்டு திங்கள் இருக்கையில் தன் தந்தையை இழந்தான். அடக்கம் முடிந்த சில நாட்களில் அவன் என்னிடம் வந்தான். "ஐயா, அப்பா பிழைக்க வேண்டுமென்று வீட்டில் எல்லோரும் இரவெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இனி எதற்காகப் படிக்க வேண்டும்? எதற்காகக் கோவிலுக்குப் போக வேண்டும்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய எனக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை. அவன் கையைப் பற்றியவாறு அமர்ந்திருந்தேன். அவ்வினாவுக்கான விடை நம் முன்னோர் ஒருவரின் வாழ்வில் இருப்பதைப் பின்னரே உணர்ந்தேன். அதனையே இவ்வெள்ளிவிழா மலரில் எழுத முற்பட்டேன்.

நம் சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறித்தவர்களும் உளர். எவரையும் எம்மதத்திற்கும் அழைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த ஒருவர், எல்லா வழிகளும் அடைபட்ட காலத்தில் எதனைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பதை நம் இளைஞர் அறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நம் மக்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. கூலியின்றி ஊழியம் செய்ய வேண்டும். பொதுவழியில் நடக்கலாகாது. மேற்சாதியார் எதிர்ப்பட்டால் குறித்த தொலைவு விலகி நிற்க வேண்டும். பெண்கள் மார்பை மறைக்கவும் தடை இருந்தது. மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் செய்தனர். அவ்வடிமைமுறை ஒழிய 1855-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தகைய நாளில், நாஞ்சில் நாட்டு மயிலாடி என்னும் சிற்றூரில் சாம்பவர் குலத்தில் தோன்றியவர் மகாராசன். பெயர்தான் மகாராசன், வாழ்வோ தீண்டாச் சேரியில். அவர் மனம் மெய்ப்பொருளைத் தேடி அலைந்தது. சிதம்பரத்திற்குத் தீர்த்தயாத்திரை சென்றார். அங்கும் மனம் அமைதியுறவில்லை. தஞ்சாவூரில் கிறித்தவர்களின் வழிபாட்டைக் கண்டார். அங்கே கோலாப் என்னும் குருவிடம் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். தாம் பெற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் தம் உறவினர்க்கும் ஊரார்க்கும் எடுத்துரைத்தார். சிலர் கேட்டனர், பலர் எதிர்த்தனர்.

தம் மக்களுக்கு வழிகாட்ட ஒரு போதகர் வேண்டுமென அவர் கேட்டுக்கொண்டதன் பயனாக, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806 ஏப்ரலில் மயிலாடிக்கு வந்தார். ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தத் திருச்சபை வெள்ளைக்காரர் ஒருவரால் தொடங்கப்பெற்றதன்று. தானே தேடிச் சென்று, தானே கண்டடைந்து, தானே அழைத்து வந்த ஒரு சாம்பவரே அதன் முதற்கல்லாவார்.

ஆயினும் நல்ல காலம் உடனே வந்துவிடவில்லை. 1808-1809-இல் வேலுத்தம்பி தளவாயின் தலைமையில் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. ஆங்கிலேயரின் மதத்தைத் தழுவியோர் என்னும் ஐயத்தால் கிறித்தவர்கள் பகைக்கு ஆளாயினர். உயிருக்கு அஞ்சி அவர்கள் மலைகளில் மறைந்து வாழ நேர்ந்ததை மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. 1809 பிப்ரவரியில் ஆங்கிலப் படை மயிலாடிக்கு அண்மையிலுள்ள ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணை உடைத்து உட்புகுந்தது. போரின் புகை அடங்கிய அதே 1809-ஆம் ஆண்டில் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. ஒளிந்து வாழ்ந்தவர்கள் திரும்பி வந்து செய்த முதல் வேலைகளுள் கல் சுமந்ததும் ஒன்று!

ரிங்கல்தௌபே எளிய வாழ்வினர். தமக்கு வந்த ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் பள்ளிகளுக்கும் செலவிட்டார். உடல் நலங்குன்றி, 1816-இல் திருவிதாங்கூரை விட்டுப் புறப்படுகையில், கடற்பயணத்திற்கு ஏற்ற ஒரு மேற்சட்டைகூட அவரிடம் இல்லை என்பர். கப்பலேறிச் சென்ற அவரைப்பற்றி அதன்பின் உறுதியான செய்தி எதுவும் கிட்டவில்லை. எங்கு இறந்தார், எங்கு அடக்கம் செய்யப்பெற்றார் என்பது எவர்க்கும் தெரியாது.

வேதமாணிக்கத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். வருந்தி அழைத்து வந்த வழிகாட்டி மறைந்தார். அடுத்தவர் எப்போது வருவார், வருவாரா என்பதே தெரியாது. அரசின் ஆதரவு இல்லை. ஊராரின் பகை உண்டு. "உன் தெய்வம் எங்கே?" என்று ஏளனம் செய்வதற்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை. ரிங்கல்தௌபே புறப்படுகையில் சபையின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்திருந்தார். ஏறத்தாழ ஈராண்டுக் காலம், ஐரோப்பியர் எவருமின்றி, அப்பொறுப்பைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட அவர் தாங்கி நின்றார். அவர் அற்புதம் ஒன்றும் செய்யவில்லை. விளக்கேற்ற வேண்டிய வேளையில் விளக்கேற்றினார். சபை சிதறாமற் காத்தார். அவ்வளவே. அந்த அவ்வளவில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

1818-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சார்லஸ் மீட் என்னும் மிஷனரி மயிலாடியை அடைந்தார். அவரும் துயரைச் சுமந்தே வந்தார். திருவிதாங்கூரை நோக்கிய பயணத்தினிடையே பினாங்கில் தம் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் அவர். துணையை இழந்த போதகரும், போதகரை இழந்த சபையும் ஒன்றுகூடின. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் சபையிற் சேர்ந்தனர். நாகர்கோவிலில் தோன்றிய செமினரி பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். இவையெல்லாம் வேதமாணிக்கம் காத்து நின்ற அந்த ஈராண்டின் மேல் எழுந்தவை.

வரலாற்றை மெருகிட்டுச் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. சபைக்குள்ளும் சாதி நுழைந்தது. இதே மீட் ஐயர் 1852-இல் நம் குலத்தைச் சேர்ந்த லோயிஸ் பிடல்ஃப் என்னும் பெண்ணை மணந்தபோது உடன் ஊழியரே எதிர்த்தனர்; அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. இன்றும் கிறித்தவராகிய நம் பிள்ளைகள், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையைப் பெற இயலாது நிற்கின்றனர். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அவ்வாணை திருத்தப்பட்டது. இவர்களுக்குத் திருத்தப்படவில்லை. சேரியிலும் கோவிலிலும் அரசு அலுவலகத்திலும் கதவு அடைபடக் கண்டவர்கள் நாம்.

இளைஞர்களே! விசுவாசம் என்பது துயரம் வாராது என்னும் உறுதிச்சீட்டு அன்று. வேதமாணிக்கத்திற்கு அத்தகைய சீட்டு எதுவும் கிடைக்கவில்லை. அழுவது விசுவாசக் குறைவும் அன்று. இலாசருவின் கல்லறையருகே இயேசுவும் கண்ணீர் விட்டார் என்றே வேதம் கூறுகிறது. அழுத கண்ணோடு, நமக்கென வைக்கப்பட்ட வேலையை விடாது செய்வதே விசுவாசம். பொறுமை என்பது அநீதியின் முன் வாய்மூடி இருப்பதும் அன்று. மலையில் ஒளிந்தவர்கள் இறங்கி வந்து ஆலயம் எழுப்பினார்களே, அதுவே பொறுமை.

என்னிடம் வந்த அம்மாணவன் அவ்வாண்டுத் தேர்வு எழுதவில்லை. அடுத்த ஆண்டு எழுதித் தேறினான். அவன் தந்தை திரும்பி வரவில்லை. அவ்விழப்பு இன்றும் அவனுக்கு இழப்பே. ஆனால் மாலை வேளைகளில் தன் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி அவன் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை அண்மையில் கண்டேன். அன்று அவனுக்கு நான் கூறத் தவறிய விடையை அவனே கண்டுகொண்டான் என்று எண்ணினேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவரும் பணியும் அதுவே. வழிகாட்டிகள் மறைவர், உதவி தாமதிக்கும். அந்த இடைக்காலத்தில் பொறுப்பை ஏற்று நிற்பவர் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நம்முள் ஒவ்வொருவரும் ஆவோமாக.