அச்சம் எழுப்பும், நடத்தாது

1987இல் ஆஸ்திரேலிய அரசு எய்ட்ஸ் நோயைக் குறித்துத் தொலைக்காட்சியில் ஓர் எச்சரிக்கை விளம்பரம் வெளியிட்டது. அங்கி தரித்த மரணம் கனத்த பந்தை உருட்டுகிறது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சரிந்து விழுகிறார்கள். தேசம் நடுங்கியது; பரிசோதனைக்குக் கூட்டம் திரண்டது. ஆனால் வந்தவர்களில் அநேகர் தொற்று அபாயம் குறைந்தவர்கள். நோயுற்றோரையே அந்த மரண உருவமாக எண்ணி விலகினவர்களும் உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே சிட்னியில் வேறொரு பணி அமைதியாகத் தொடங்கியிருந்தது. போதை ஊசி பயன்படுத்துவோருக்குச் சுத்தமான ஊசிகள் வழங்கப்பட்டன. பழிக்காமல் நீட்டப்பட்ட அந்தக் கரங்கள் அவர்களிடையே தொற்று பரவாமல் காத்தன.

அச்சம் உறங்குகிறவனை எழுப்பும். எழுந்தவனை நடத்துவது அன்பே. எச்சரிக்கும் நம் நாவோடு, தாங்கும் கரமும் நீள்கிறதா?