புலி மாறிய வரலாறு: புண்ணியகோடிக் கதைப்பின்னலை ஓசூர் எல்லையிலிருந்து வாசித்தல்

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களுக்குப் புண்ணியகோடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காளிங்கன் என்ற இடையனின் மந்தையைச் சேர்ந்த பசு அது. மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் வழியில் அர்புதன் என்ற பசித்த புலி அதை மறிக்கிறது. கன்றுக்குக் கடைசியாக ஒருமுறை பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று பசு வாக்குக் கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து பாலூட்டி, கன்றை உடன்பிறந்தவர்களைப் போன்ற மற்றப் பசுக்களிடம் ஒப்படைத்துவிட்டு, சொன்னபடி புலியின் முன் போய் நிற்கிறது. தின்ன மனம் வராத புலி, பசுவைத் தன் உடன்பிறந்தவளாகக் கருதி, தானே பாய்ந்து உயிரை விடுகிறது. ‘கோவின ஹாடு’ என்று கன்னடர் வழங்கும் இந்தப் பாட்டை ரவிசங்கர் 2020இல் ‘புண்ணியகோடி’ என்ற முழுநீள அனிமேஷன் படமாக்கினார். இசை இளையராஜா, பசுவுக்குக் குரல் ரேவதி, படத்தின் மொழி சமஸ்கிருதம்.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் அதன் கதைப்பின்னல் பிடிபடாது. இந்தக் கதை பல நூற்றாண்டுகளாகப் பல வடிவங்களில் நடந்து வந்திருக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று கண்ணில் படுகிறது: பசு எங்கும் மாறவில்லை. வாக்குக் கொடுப்பதும் போவதும் திரும்பி வருவதும் எல்லா வடிவத்திலும் அப்படியே இருக்கின்றன. மாறுவது புலிதான். அது ஏன் பசுவை விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற விடையை எழுதிக்கொண்டது. அந்த விடைகளின் வரிசையையே இக்கட்டுரை இக்கதைப்பின்னலின் வரலாறாகக் கொள்கிறது.

மிகப் பழைய எலும்புக்கூட்டில் பசுவே இல்லை. மகாசுதசோம ஜாதகத்தில் (எண் 537) மனிதரைத் தின்னும் ஓர் அரசனிடம் மன்னன் சுதசோமன் அகப்படுகிறான். ஓர் அந்தணரிடம் கேட்க வேண்டிய செய்யுள்களைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி விடைபெற்று, சொன்னபடியே திரும்பி வருகிறான். தின்ன வந்தவன் கடைசியில் திருந்துகிறான். அஜந்தாவின் 17ஆம் குகையில் இக்கதை ஓவியமாக இருப்பதால், 5ஆம் நூற்றாண்டளவில் இது தக்காணத்தில் வேரூன்றிவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

பத்ம புராணத்தின் சிருஷ்டி காண்டத்தில்தான் பசுவும் புலியும் வருகின்றன. அங்கே பசுவின் பெயர் நந்தா. புலியோ பிரபஞ்சனன் என்ற அரசன். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மானை அம்பெய்து கொன்ற பாவத்துக்காகப் புலியாகச் சபிக்கப்பட்டவன். பசுவின் பெயரைக் கேட்டதும் சாபம் நீங்குகிறது. ஆக, புலி மனம் மாறியதாகச் சொல்ல முடியாது. அதன் தண்டனைக் காலம் முடிந்தது, அவ்வளவே. பின்னல் இங்கே மிகக் கச்சிதம்: பாலூட்டும் தாயைக் கொன்றவன், பாலூட்டும் தாயாலேயே விடுதலை பெறுகிறான். ஆனால் இந்தக் கச்சிதமே புலியைப் பொம்மையாக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டின் தெற்கிலும் இதே பின்னல் உண்டு. திருக்குறுங்குடிக் கோயிலோடு பிணைந்த கைசிக புராணத்தில் நம்பாடுவான் என்ற பாணர் ஏகாதசி இரவில் பெருமாளைப் பாடப் போகிறார். வழியில் பிரம்மராட்சசன் மறிக்கிறான். பாடி முடித்துத் திரும்புவதாகப் பதினெட்டு ஆணைகள் இட்டுத்தான் அவர் விடுபட முடிகிறது. திரும்பும்போது பெருமாளே கிழவராக வந்து, தப்பித்துப் போ என்று சொல்லியும் அவர் கேட்பதில்லை. ராட்சசன் முன்பிறவியில் வேள்வியில் பிழை செய்த அந்தணன். நம்பாடுவான் தம் பாட்டின் பலனைக் கொடுக்க விடுதலை பெறுகிறான். கைசிக ஏகாதசியன்று இக்கோயிலில் நடக்கும் கைசிக நாடகம், நலிந்து கிடந்து 1999இல் அனிதா ரத்னம், பேராசிரியர் செ. இராமானுஜம் ஆகியோரின் முயற்சியால் மீண்டது.

இனி கன்னடப் பாட்டு. பத்ம புராணத்தில் இருந்த மான் இங்கே இல்லை, சாபம் இல்லை, அரசன் இல்லை. அர்புதன் வெறும் புலி. பல நாள் பட்டினி, கைக்கெட்டிய இரை, அவ்வளவுதான் அதன் பின்கதை. சாபத்தை எடுத்துவிட்டதால் புலியை விடுவிக்க வெளியே யாரும் இல்லாமல் போகிறார்கள். பாடினவர்கள் அந்த இடத்தை வெட்கத்தால் நிரப்பினார்கள். திரும்பி வராது என்று நினைத்துத்தான் புலி காத்திருக்கிறது. பசு கண்முன் வந்து நின்றதும் அதற்குத் தன் முகத்தையே பார்க்க முடியவில்லை. உறவு சொல்லிவிட்டால் தின்ன முடியாது, தின்னாமல் வாழவும் முடியாது. ஊனுண்ணும் விலங்குக்கு வேறு வழி இல்லை என்பதைப் பாட்டு நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. ஆகவேதான் புலி சாகிறது. இம்முடிவைச் சிறுவர் பாடல் என்று கடந்துபோகிறோம்; உண்மையில் இந்த வடிவங்களுள் ஈரமும் கொடுமையும் மிகுந்தது இதுதான். கர்நாடகப் பள்ளிப் பாடநூல்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருக்கின்றன.

இப்படிப்பட்ட புலியை மாடு மேய்க்கும் மக்கள் ஏன் பாடினார்கள்? கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நடுகற்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி கூர்மையாகும். ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்களோடு, புலியோடு போராடி மாண்டவர்களுக்கு எடுத்த புலிக்குத்திக் கற்களும் இங்கே உண்டு. கல்லில் வீரன் நேருக்கு நேர் நிற்கிறான், புலி அவன்மேல் பாய்கிறது, கத்தி புலியின் உடலில் இறங்குகிறது. பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. காவிரிக்கரை ஊரான ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினமும் ஹள்ளிகர் மாடுகளும் மேய்ந்த இந்தக் காட்டோரத்தில் புலி நாள்தோறும் நிகழக்கூடிய இழப்பு. அந்த இழப்பைக் கல் ஒருவிதமாகவும் பாட்டு வேறுவிதமாகவும் கையாண்டிருக்கின்றன. கல் வீரனை நினைவில் வைத்தது. பாட்டோ, அந்தப் புலி மட்டும் பேச்சுக் கேட்கக்கூடியதாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தது.

திரைக்கு இக்கதை முதலில் வந்தது அனிமேஷனாக அல்ல. எஸ்.எல். பைரப்பா தம் ‘தப்பலியு நீனாதெ மகனெ’ நாவலின் தலைப்பையே இப்பாட்டிலிருந்து எடுத்தார். கிரீஷ் கர்னாடும் பி.வி. காரந்தும் 1977இல் அதைப் படமாக்கினார்கள். இந்தியில் அது ‘கோதூளி’. இதில் புலியே கிடையாது. மாட்டை உறவாகக் கருதும் குடும்பத்துக்கும், வெளிநாட்டுப் படிப்போடு திரும்பி மாட்டை வருமானமாகப் பார்க்கும் அதே குடும்பத்து வாரிசுக்கும் இடையிலான மோதலே கதை. புலியின் இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே கொரியாவைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது பயன்தரும். ‘சூரியனும் நிலாவும் ஆன உடன்பிறப்புகள்’ என்ற கொரிய நாட்டார் கதை ஏறக்குறைய இதே காட்சியில்தான் தொடங்குகிறது: அரிசிக் கொழுக்கட்டைக் கூடையோடு மலைவழியே வீடு திரும்பும் தாய், மறிக்கும் புலி, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள். ஆனால் அங்கே வாக்குக் கொடுப்பது புலி. கொழுக்கட்டை கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு கணவாயிலும் சொல்லி, ஒவ்வொரு முறையும் மீறி, கடைசியில் தாயையே தின்றுவிடுகிறது. பிறகு தாய் வேடத்தில் வீட்டுக்கதவைத் தட்டுகிறது. மரமேறித் தப்பிய பிள்ளைகள் வானத்திலிருந்து இறங்கிய கயிற்றில் ஏற, புலிக்கு இறங்கியதோ இற்ற கயிறு. அது சோளக்காட்டில் விழுந்து சாகிறது. அந்த ரத்தத்தால்தான் சோளத்தட்டை சிவந்தது என்பார்கள். இரண்டு கதையிலும் புலி விழுந்தே சாகிறது. ஒன்றில் வாக்கு காக்கப்பட்டதால், மற்றதில் வாக்கு மீறப்பட்டதால்.

நாட்டார் கதையைத் திரைக்கு நீட்டும் சிக்கலையும் கொரியர்கள் நமக்கு முன்பே சந்தித்தார்கள். ‘ஹாங் கில்-தாங்’ (1967) அவர்களின் முதல் முழுநீள அனிமேஷன் படம். நெல்சன் ஷின் இயக்கிய ‘எம்ப்ரஸ் சுங்’ 2005 ஆகஸ்டில் இரு கொரியாவிலும் வெளியானது. பார்வையற்ற தந்தைக்காக முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னைக் கடலுக்கு விற்றுக்கொண்ட சிம் சுங் என்ற பெண்ணின் கதை அது. அவளும் புண்ணியகோடியைப் போலச் சொன்ன சொல்லுக்காகச் சாகப் போகிறவள்தான். ஒரே தீர்மானத்தில் நிற்கும் கதையைப் படத்தின் நீளத்துக்கு இழுக்க, அவளுக்குத் தோழமை விலங்குகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ரவிசங்கருக்கும் அதே நெருக்கடி. ஒரே மூச்சில் பாடிவிடக்கூடிய பாட்டில் நிகழ்ச்சிகள் குறைவு. பொதுமக்களிடம் நிதி திரட்டி, பல ஊர்களில் இருந்த கலைஞர்களை வைத்து அவர் எடுத்த படம், மனிதனுக்கும் காட்டுக்கும் இடையே குலைந்த சமநிலையைக் கதையின் சட்டகமாக்கியது. ஆக, புராணத்தில் சாபம், பாட்டில் வெட்கம், படத்தில் சூழலியல். புலியின் பசிக்கு மறுபடியும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மொழியும் சமஸ்கிருதத்துக்குத் திரும்பியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பின்னல் அளவில் படம் பாட்டைவிடப் புராணத்துக்கே நெருக்கம். இரண்டிலும் முதல் குற்றவாளி மனிதன். கன்னடப் பாட்டுக்கு மட்டும்தான் குற்றவாளி தேவைப்படவில்லை.

புலி அருகிப்போன இடங்களில்தான் அது திரையில் நல்லதாகிறது என்ற ஐயமும் எனக்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்கொரியக் காடுகளில் புலி மறைந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அது சிரிக்கும் சின்னமானது, 2018 குளிர்கால ஒலிம்பிக்கிலும் அப்படியே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று ஊரையும் காட்டையும் பிரிக்கும் கோட்டில் நிற்பது பெரும்பாலும் புலி அல்ல, யானை. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக ராகி முற்றும் பருவத்தில் கூட்டங்கள் இறங்குகின்றன. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மறுபக்கம், 1970களில் தொடங்கிய ஓசூர் சிப்காட்டைத் தொடர்ந்து ஆலைகள் சூளகிரி வரையும் பரவிவிட்டன. இங்கிருந்து யாராவது இக்கதையை மறுபடி எடுத்தால் பின்னலின் நடுமுடிச்சே அவிழ்ந்துவிடும். யானை ராகியைத் தின்ன வருகிறது, யாரையும் மறித்துப் பேரம் பேச வருவதில்லை. வாக்கு வாங்க அங்கே ஆள் இல்லை. பட்டாசு, பரண், இரவுக்காவல், விடிந்ததும் வனத்துறையிடம் இழப்பீட்டு மனு என்றுதான் அந்தக் கதை நகரும். அதற்குப் பாட்டு கட்டுகிறவர் யானைக்கு என்ன காரணம் கொடுப்பார் என்பதை வைத்துத்தான் இந்த வரிசையில் அடுத்த படியைக் குறிக்க முடியும்.