கழற்றி மாட்டக்கூடிய கார்: ஹெரால்ட் பற்றிச் சில குறிப்புகள்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானட்டைத் திறக்கிறதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மற்ற கார்களில் மேலே ஒரு மூடி மட்டும் எழும். இதில் மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சினும் ஸ்டீயரிங்கும் முன் சஸ்பென்ஷனும் திறந்தவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். வீட்டு வாசலில் வைத்துப் பழைய காரைப் பிரித்து மேய ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கார் கிடையாது என்று பிரிட்டனில் அடித்துச் சொல்கிறார்கள்.

சரி, ஏன் இப்படிச் செய்தார்கள்? மெக்கானிக் மேல் இருந்த கரிசனத்தால் இல்லை. இதன் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது.

கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் கம்பெனி தன் கார்களுக்கான உடம்பைத் தானே அடிக்கவில்லை. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனிதான் அடித்துக் கொடுத்தது. 1953இல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. எதிராளி கையில் உன் காரின் உடம்பு! அடுத்த மாடலுக்கு முழு உடம்பு அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதாவது தனிச் சேசிஸ் கிடையாது, தகரக் கூடே எலும்பும் தோலுமாக இருக்கும். அதற்குப் பெரிய அச்சு வேண்டும், பெரிய பிரஸ் வேண்டும். இவர்களிடம் அது இல்லை. அதனால் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய பாணிக்கே திரும்பினார்: தனிச் சேசிஸ், அதன் மேல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் அடித்து வாங்கிய பாடி, எல்லாவற்றையும் போல்ட்டு போட்டு முடுக்குவது. உருவத்தை டுரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரயம்ஃப் ஹெரால்ட் வெளிவந்தது.

ஆக, கையில் ஆள் இல்லாத குறைக்குச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அதன் பலன் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. ஒரே சேசிஸில் சலூன், கூபே, மேல்மூடி திறக்கிற கார், எஸ்டேட் என்று எதை வேண்டுமானாலும் மாட்டலாம். சேசிஸை நீளம் குறைத்து 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்துவிட்டார்கள். பிறகு தனி ஆட்களும் கிளம்பினார்கள். துருப்பிடித்த ஹெரால்டின் உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சேசிஸ் மேல் வேறு உடம்பு மாட்டிக்கொள்ளும் கிட் கார் கலாசாரம் அங்கே பெரிதாக வளர்ந்தது.

இந்தியாவில் இதே கார் 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. செய்தது தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், மெட்ராஸின் ஹெரால்ட். அன்றைக்கு வாங்கக் கிடைத்தவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். இதில் தனிச் சேசிஸ் உள்ளது நம்ம ஊர்க்காரன் ஒருவன்தான்.

எனக்கு இதில் சுவாரசியம், மெட்ராஸ்காரர்கள் இந்தக் காரை என்ன செய்தார்கள் என்பதில்தான். பிரிட்டனில் எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147, பிறகு 1296 என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948தான். ஆனால் பிரிட்டனில் கடைசிவரை இரண்டு கதவோடு இருந்த சலூனுக்கு இங்கே நான்கு கதவு போட்டார்கள். மார்க் 3 என்று வந்த அந்த நாலு கதவு ஹெரால்ட் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைவது நம் குடும்பங்களுக்குச் சரிப்பட்டு வந்திருக்காது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு இருக்கும்போது இதை யார் சகிப்பார்கள்?

அடுத்தது பின் ஆக்ஸில். ஹெரால்டில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். நடுவில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு முடுக்கப்பட்டிருக்கும், அங்கிருந்து இரண்டு கை போல ஆக்ஸில் நீளும், மேலே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். நாலு பேர் ஏறி டிக்கியில் சாமானும் வைத்தால் சக்கரங்கள் காலை அகட்டி வைத்த மாதிரி விரிந்துகொள்ளும். டயரின் உள்விளிம்பு தேயும். அதைவிட மோசம், வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். ஓடுகிறவனுக்குக் கணுக்கால் பிரண்டால் எப்படியோ அப்படி. பிரிட்டனில் இதற்கு மருந்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள். 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரில் நடுவில் அசைந்து கொடுக்கிற புதுவகை ஸ்பிரிங் இருந்தது. பழைய ஸ்பிட்ஃபயரை உடைத்து அதை எடுத்து ஹெரால்டில் மாட்டுவது இன்றைக்கும் நடக்கிற வேலை. மெட்ராஸில் அந்த வேலையைத் தொழிற்சாலையே செய்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த கெஸல் என்ற மாடலில் ஆடுகிற ஆக்ஸிலை எடுத்துவிட்டு, அம்பாசிடர் போல ஒரே துண்டான ஆக்ஸில் வைத்தார்கள். பொறியியல் மேதாவிகளுக்கு இது பின்னோக்கிப் போவதாகத் தெரியலாம். நம் ரோட்டுக்கும் நம் பாரத்துக்கும் அதுதான் சரி என்பது என் கட்சி.

கெஸல் 1977இல் நின்றது. 1985இல் ரோவர் உடம்புக்குள் பழைய வேன்கார்ட் காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று வந்தது, எடுபடவில்லை. 1988இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் ஹெரால்ட் வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பேட்டையும் லேத் பட்டறையும்தான் கதி.

இன்றைக்கு ஒருவர் ஷெட்டிலிருந்து ஒரு ஹெரால்டை வெளியே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்ய வேண்டியது ஸ்பேனரை எடுப்பது இல்லை, அளவு எடுப்பது. கதவு இடுக்குகள், பானட் இடுக்கு எல்லாம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். துண்டு துண்டாக முடுக்கிய உடம்பு என்பதால், சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் எந்த இடத்தில் எத்தனை தகடு அண்டைகொடுத்திருந்தது என்பதில்தான் கதவு சாத்துவது இருக்கிறது. அதைக் குறிக்காமல் கழற்றினால், பெயிண்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு கதவு சாத்தாது. பட்டி பார்த்து மறைக்கிற விஷயம் இல்லை அது. கியர் பாக்ஸைக் காருக்கு அடியில் படுத்து இறக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் காருக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். பக்கவாட்டுத் தகடு அரித்திருந்தால் பெரிதாகப் பதற வேண்டாம், சுமையைத் தாங்குவது சேசிஸ். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்திருந்தால்தான் பதற வேண்டும்.

இன்னொன்று. முன்சக்கரம் திரும்புகிற அடிப்பகுதியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைக் குடுவை இருக்கும். எஃகுத் தண்டு அதற்குள் மரை போலத் திரும்பும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். எல்லா நிப்பிளிலும் அடிக்கிற மாதிரி கிரீஸ் அடித்தால் அது உள்ளே இறங்காது. தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறியும், சக்கரம் மடிந்து கார் மூக்கால் தரையைத் தொடும். பளபளவென்று பெயிண்ட் அடித்து நிற்கிற ஹெரால்டை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: டிரன்னியனுக்கு என்ன விட்டீர்கள்?

மாற்றம் செய்ய ஆசை எல்லாருக்கும் வரும். ஹெரால்டின் எஞ்சின் குடும்பம் பெரியது. 1953இல் 803 சிசியாகப் பிறந்து பின்னால் 1493 சிசிவரை போனது. அதனால் பிரிட்டிஷ்காரர் பெரிய எஞ்சினை அதே இடத்தில் இறக்கிவிடுவார். ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக்கை எடுத்து முன்சக்கரத்தில் மாட்டுவார். 2025 வரை அங்கே சட்டம் எடையிட்ட முறையும் வேறு. காருக்கு 8 புள்ளி தேற வேண்டியிருந்தது, அதில் சேசிஸுக்கு மட்டும் 5. எஞ்சினுக்கு வெறும் 1.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 2021இல் பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வந்தது: முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும், 10 வருடம் செல்லும், தினசரி ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெரால்டை வைத்து யோசித்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு கதவுக் காருக்கு நாலு கதவு வைத்தது கம்பெனி, ஆக்ஸிலையே மாற்றியது கம்பெனி. அதெல்லாம் அசல். அதே ஆக்ஸிலை ஒரு மார்க் 2 சொந்தக்காரர் தன் குடும்பத்தின் பத்திரத்துக்காக மாட்டியிருந்தால் அது மாற்றம். இன்னொரு பக்கம், இந்த நிபந்தனை இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் நாலு கதவு ஹெரால்டுகளில் பாதிக்கு யாராவது மேல்மூடியை அறுத்துத் தள்ளியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிரிட்டனில் எத்தனையோ சலூன்களின் கூரையைக் கழற்றித் திறந்த காராக்கினார்கள். போல்ட்டைக் கழற்றினால் போதும், அவ்வளவு சுலபம். அங்கே லட்சக்கணக்கில் செய்த கார், தாங்கும். நம்முடைய நாலு கதவுக்கு மாற்று உலகத்தில் எங்கேயும் கிடையாது.

என்னைக் கேட்டால் பிரேக், விளக்கு, டயர், ஒயரிங் இவற்றில் கை வைக்கலாம், கழற்றிய பழையதை எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு. அறுக்கிற, பற்றவைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஹெரால்டுகள் எல்லாம் 50 வருடத்தைத் தாண்டிவிட்டன. 1977இல் வந்த கடைசி கெஸல் 2027இல்தான் தாண்டும்.