அட் கட்டளை: ஒருமுறைப் பணிகளின் நேரத்தை மாற்றுதல்

அட் என்பது யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பணியைக் குறித்த நேரத்தில் ஒரே ஒருமுறை இயக்குவதற்கான கட்டளை. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இடம்பெற்றிருந்தது; பின்னர் போசிக்ஸ் தரத்திலும் சேர்ந்தது. திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகளுக்குக் கிரான் என்னும் நிரல் உதவுகிறது. ஒருமுறை நடந்தால் போதும் என்ற வேலைகளுக்கு அட் ஏற்றது.

பணி சேமிக்கப்படும் முறை: பணியை ஒப்படைக்கும்போது கட்டளைகளுடன் அப்போதைய அடைவு, சூழல் மாறிகள், கோப்பு அனுமதி முகமூடி ஆகியவையும் பதிவாகின்றன. லினக்ஸில் அட்டி என்னும் பின்னணி நிரல் உரிய நேரத்தில் பணியை இயக்கும். வெளியீடு இருந்தால் பயனருக்கு மின்னஞ்சலாகச் செல்லும்.

நேரம் மாற்றுதல்: வரிசையில் உள்ள பணியின் நேரத்தை நேரடியாகத் திருத்த போசிக்ஸ் தரத்தில் வழியில்லை. எனவே பழைய பணியைப் படியெடுத்துப் புதிதாக ஒப்படைக்க வேண்டும். லினக்ஸில் அதற்கான படிகள்:

1. அட்கியூ கட்டளையால் பணி எண்ணையும் வரிசை எழுத்தையும் அறிதல்.
2. அட் கட்டளையின் 'சி' விருப்பத்தால் பணியின் முழு உள்ளடக்கத்தையும் ஒரு கோப்பில் சேமித்தல்.
3. 'எஃப்' விருப்பத்தால் அக்கோப்பைப் புதிய நேரத்துக்கு ஒப்படைத்தல். பழைய பணி 'ஏ' அல்லாத வரிசையில் இருந்தால் 'கியூ' விருப்பத்தால் அவ்வரிசையையும் குறிப்பிடுதல்.
4. புதிய பணி பதிவானதை உறுதிசெய்த பிறகே, அட்ஆர்எம் கட்டளையால் பழையதை நீக்குதல்.

இந்த வரிசைமுறை மிக முக்கியம். படியெடுக்காமல் நீக்கிவிட்டால் பணியின் உள்ளடக்கம் இழக்கப்படும்; நீக்க மறந்தால் ஒரே வேலை இருமுறை நடக்கும்.