வெள்ளையா இருந்தா வெளிச்சம் அதிகமா? ஹெச்.ஐ.டி பல்பு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இரவு 11 மணி. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே ஒரு கார். நீலம் கலந்த வெள்ளையில் 'பளீர்' என்று முகத்தில் அடிக்கிறது லைட். டிப் அடித்துக் காட்டுகிறீர்கள், குறையவே இல்லை. திட்டிக்கொண்டே கண்ணைச் சுருக்குகிறீர்கள். ஆனால், அந்த டிரைவர் ஹை பீம் போடவே இல்லை. லோ பீமில்தான் வந்துகொண்டிருக்கிறார்!

கார் கடந்துபோன பிறகும் இரண்டு, மூன்று விநாடிகளுக்கு ரோடு சரியாகத் தெரியாது. மணிக்கு 80 கி.மீ வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். மூன்று விநாடியில் 66 மீட்டர். அந்த 66 மீட்டருக்குள் லைட் இல்லாத சைக்கிளோ, ரோட்டைக் கடக்கும் ஒரு பெரியவரோ இருந்தால்?

எதிரே வந்தவர் கெட்டவர் இல்லை. தன் காருக்குப் பொருந்தாத ஹெச்.ஐ.டி பல்பை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தப்பை நாம் செய்யாமல் இருக்க என்னவெல்லாம் தெரிஞ்சிருக்கணும்? பார்க்கலாம்.

ஹெச்.ஐ.டி என்றால் என்ன?

சாதாரண ஹாலஜன் பல்பில் ஒரு இழை சூடாகி ஒளிர்கிறது. ஹெச்.ஐ.டி-யில் இழையே கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் குழாய்க்குள் செனான் வாயுவும் உலோக உப்புகளும் இருக்கும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து, மின்னல் கீற்று மாதிரி ஒரு சுடர் உருவாகும். அதுதான் வெளிச்சம். 'செனான் லைட்' என்று சொல்வதும் இதைத்தான். 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் முதன்முதலாக வந்தது.

இந்தச் சுடரைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் தேவை. 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்பவை பேலஸ்ட், இக்னைட்டர் என்ற இரண்டு பாகங்கள். பற்றிக்கொண்ட பிறகு குறைந்த வோல்ட்டிலேயே எரியும். முழு வெளிச்சம் வரச் சில விநாடிகள் ஆகும்.

லாபம் என்ன? ஹெச்4 ஹாலஜன் பல்பு லோ பீமில் 55 வாட் எடுத்துக்கொண்டு சுமார் 1,000 லூமென் வெளிச்சம் தரும். ஒரு டி2எஸ் ஹெச்.ஐ.டி, 35 வாட்டிலேயே சுமார் 3,200 லூமென் தரும். ஏறக்குறைய மூன்று மடங்கு! பிரச்னை ஆரம்பிப்பதும் இங்கேதான்.

பல்பு முக்கியமா, அது உட்காரும் வீடு முக்கியமா?

ஹெட்லைட் என்பது பல்பு மட்டும் இல்லை. பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர், முன்னால் இருக்கும் லென்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு செட். வெளிச்சம் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வடிவமைத்திருப்பார்கள். ஹெச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே குட்டியாக ஒரு உலோகத் தொப்பி இருக்கும். வெளிச்சம் மேலே சிதறாமல் தடுப்பது அதுதான்.

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் ஹெச்.ஐ.டி கிட் மாட்டினால் என்ன ஆகும்? சுடரின் வடிவம் வேறு, அது நிற்கும் இடமும் வேறு. வெளிச்சம் கண்டபடி சிதறும். உங்களுக்கு பம்பர் முன்னாடி பளபளவென்று தெரியும். 'செம வெளிச்சம்' என்று தோன்றும். தூரத்தில் பார்க்க வேண்டிய இடம் இருட்டாகவே இருக்கும். மிச்ச வெளிச்சம் முழுக்க எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும்.

2,000 லூமெனைத் தாண்டும் லோ பீம் பல்புகளுக்கு ஐரோப்பிய விதிகள் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கின. ஒன்று, பின்சீட்டில் ஆள் ஏறினாலும் லைட் மேலே தூக்காமல் தானாக இறங்கும் ஆட்டோ லெவலிங். இன்னொன்று, லென்ஸைக் கழுவும் வாஷர். அழுக்கு லென்ஸும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கடையில் வாங்கும் கிட்டில் இந்த இரண்டுமே வராது.

சட்டமும் இருக்கிறது பாஸ். தயாரிப்பாளர் பதிவு செய்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஆக, கம்பெனியிலிருந்தே ஹெச்.ஐ.டி-யோடு வந்த வண்டிக்கு மட்டும்தான் ஹெச்.ஐ.டி பல்பு.

8,000 கெல்வின் பவர் இல்லை; கலர்!

'தம்பி, 6,000 போட்டா நல்லா இருக்கும், 8,000 போட்டா பட்டையைக் கிளப்பும்' என்று கடையில் சொல்வார்கள். நம்பர் பெரிசா இருந்தா வெளிச்சமும் பெரிசு என்று நாமும் நம்பிவிடுவோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்வது லூமென்.

* 4,300 கெல்வின்: கம்பெனி பல்புகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும். லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அதிக லூமென் கிடைப்பதும் இதில்தான்.
* 5,000 கெல்வின்: சுத்தமான வெள்ளை. வெளிச்சம் கொஞ்சம் குறையும்.
* 6,000 கெல்வின்: நீலம் எட்டிப்பார்க்கும்.
* 8,000 கெல்வினுக்கு மேல்: நீலம், ஊதா. பார்க்க ஸ்டைல், ரோட்டில் வெளிச்சம் கம்மி. மழை நேரத்தில் ஈரமான தார் ரோட்டில் இன்னும் மோசம்.

'டி' வரிசையைப் படிப்பது எப்படி?

பழைய பல்பின் அடிப்பாகத்தில் டி1எஸ், டி2ஆர் என்று ஏதாவது ஒரு குறியீடு இருக்கும். கடைக்குப் போகும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* டி1, டி3: இக்னைட்டர் பல்போடு சேர்ந்தே வரும்.
* டி2, டி4: இக்னைட்டர் தனியாக இருக்கும்.
* டி1, டி2 பல்புகளில் பாதரசம் உண்டு. டி3, டி4 பல்புகளில் இல்லை.
* கடைசி எழுத்து 'எஸ்' என்றால் புரொஜெக்டருக்கு. 'ஆர்' என்றால் ரிஃப்ளெக்டருக்கு. 'ஆர்' பல்பின் கண்ணாடியில், வெளிச்சம் சிதறாமலிருக்க ஒரு மறைப்புப் பூச்சு இருக்கும்.

டி1எஸ்-ஸுக்குப் பதில் டி3எஸ் போடலாமா? கூடாது. முதலாவது சுமார் 85 வோல்ட்டில் எரியும். இரண்டாவது 42 வோல்ட்டில். பேலஸ்ட்டுக்கு ஒத்துவராது. அடிப்பாகத்தைச் சீவி உள்ளே திணிக்கும் 'கைவேலை'க்கு யார் யோசனை சொன்னாலும் ஓடிவந்துவிடுங்கள்.

பல்பு போச்சா, பேலஸ்ட் போச்சா?

வெளிச்சம் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால், எரிந்துகொண்டே இருக்கும்போது அணைந்து மறுபடி போட்டால் எரிந்தால், பல்பின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால், இடது, வலது பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். பிரச்னையும் பல்போடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால், பல்பு அவுட். அதே பக்கம் நின்றால் ஃபியூஸ், வயரிங், பேலஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். பழசு ஒன்று, புதுசு ஒன்று இருந்தால் ஒரு கண் மஞ்சள், ஒரு கண் வெள்ளை மாதிரி ஆகிவிடும். வெளிச்சமும் சமமாக இருக்காது.

எப்படி மாற்றுவது?

1. லைட், இக்னிஷன் இரண்டையும் ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். 15 நிமிடம் காத்திருங்கள். பல்பு ஆறணும், பேலஸ்ட்டில் தங்கிய மின்சாரமும் வடியணும். அந்த 20,000 வோல்ட்டை மறக்க வேண்டாம்.
2. ஹெட்லைட்டின் பின்மூடியைத் திறங்கள். சில கார்களில் மொத்த ஹெட்லைட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். அப்படியென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.
3. கனெக்டரையோ இக்னைட்டரையோ கழற்றி, பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்துப் பழைய பல்பை எடுங்கள்.
4. புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகச் சூடாகிக் கண்ணாடி பழுதாகும். தவறிப் பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.
5. அடிப்பாகத்தில் இருக்கும் வெட்டு சரியாகப் பொருந்தினால் பல்பு தானாக உட்காரும். அழுத்தித் திணிக்காதீர்கள்.
6. ரப்பர் சீலோடு பின்மூடியை இறுக்கமாக மூடுங்கள். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோக்கும்.
7. 'எரியுதா பார்க்கலாம்' என்று பல்பை வெளியே வைத்து ஆன் செய்யவே கூடாது. புறஊதாக் கதிரும் உள்ளே இருக்கும் அழுத்தமும் ஆபத்து.

பழைய பல்பைக் குப்பையில் வீசாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக, சுவர் டெஸ்ட்

சமதளத்தில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே தெளிவான ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு, ஹெட்லைட்டின் மையம் இருக்கும் உயரத்தைவிட சுமார் 10 செ.மீ கீழே இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலிலோ ஹெட்லைட்டின் மேலேயோ இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் கோட்டின் இடதுபக்கம் மட்டும் லேசாக மேலே ஏறும். ரோட்டோரம் நடப்பவர் தெரிவதற்காக. வலதுபக்கம் ஏறினால், அது எதிரே வருபவர் கண்ணுக்கு.

ஹாலஜன் வண்டிக்காரங்க என்ன பண்ணலாம்?

முதலில் லென்ஸைப் பாருங்கள். மஞ்சள் படிந்த லென்ஸை பாலிஷ் போட்டாலே பாதிப் பிரச்னை தீரும். அடுத்து, பல்பு வரை முழு வோல்ட் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் வோல்ட் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். ரிலே போட்டால் சரியாகும். பிறகு அதே வாட்டில் ஒரு நல்ல பிராண்ட் ஹாலஜன் ஜோடி, கூடவே சுவர் டெஸ்ட். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும்.

புதுப் பல்பு போட்ட அன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். நண்பரை உங்கள் வண்டியில் உட்காரவைத்து லோ பீம் போடச் சொல்லிவிட்டு, 50 அடி தள்ளி எதிரே நின்று பாருங்கள். உங்கள் கண் கூசினால், நாளைக்கு எதிரே வருபவருக்கும் கூசும்.