ஸ்டாண்டு போட்ட சரித்திரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஓ.டி.யைத் தாண்டி, சிப்காட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நீளும் அந்தச் சாலையில், நட்டநடு வெயிலில், உங்கள் சைக்கிளில் செயின் கழன்றுகொள்கிறது. என்ன செய்வீர்கள்?

செல்போனை எடுப்பீர்கள். சரி, யாரைக் கூப்பிடுவீர்கள்?

உங்கள் தாத்தா கூப்பிட்டிருக்க மாட்டார். இறங்கி, சீட்டையும் கேரியரையும் பிடித்து, செருப்புக் காலால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு அழுத்து அழுத்தியிருப்பார். 'டக்'கென்று சைக்கிள் இரண்டு கால்களில் எழுந்து நிற்கும். பின்சக்கரம் அந்தரத்தில். செயினைப் பல்லில் மாட்டி பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால், கடகடவென்று ஏறி உட்கார்ந்துவிடும். கையில் ஒட்டிய கிரீஸை ஒரு பூவரசு இலையில் துடைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். மொத்தமே இரண்டு நிமிடம்!

இந்த விவகாரத்தில் ஹீரோ தாத்தா இல்லை. அந்த இரண்டு கால் இரும்பு ஸ்டாண்டு. சைக்கிளை நிறுத்தி வைக்க மட்டும்தான் அது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது சைக்கிளோடு கூடவே வந்த ஒரு குட்டி ஒர்க்‌ஷாப்.

கொஞ்சம் பின்னால் போவோம். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள, நமக்குப் பழக்கமான வடிவிலான 'ரோவர்' சைக்கிளை 1885-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி. அப்போது டயர் என்பது கெட்டி ரப்பர். உட்காருமிடம் கதறும், ஆனால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. 1888-ல் டன்லப் என்கிற கால்நடை மருத்துவர் தன் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். பயணம் மெத்தென்று ஆனது. கூடவே பஞ்சரும் பிறந்தது!

சிக்கல் என்னவென்றால், டன்லப்பின் டயரை ரிம்மோடு ஒட்டி வைத்திருந்தார்கள். 1889-ல் பிரான்ஸில் கிளெர்மான்ட்-ஃபெராண்ட் ஊரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திவந்த மிஷலின் சகோதரர்களிடம் பஞ்சரான சைக்கிள் ஒன்று வந்தது. டயரைப் பிய்த்து எடுத்து ஒட்டுப் போட மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எடுவார் மிஷலின் அதில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்... புஸ்ஸ்! மனிதர் நொந்துபோகவில்லை, யோசித்தார். 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயர் வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் பஞ்சர் ஒட்டலாம். அதே வருடம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், மிஷலின் டயர் போட்ட சார்ல்ஸ் டெரான் 71 மணி நேரத்தில் ஜெயித்தார். பஞ்சரே ஆகாத டயரை மிஷலின் செய்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பஞ்சரானால் சட்டென்று சரிசெய்ய முடிகிற டயரைச் செய்தார்.

அந்தக் கால் மணி நேரத்தையும் சுருக்கியவர்கள் நம்மூர் சைக்கிள் கடைக்காரர்கள். எப்படி? சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை! வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே உருவுவார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வந்து துளையைக் காட்டிக்கொடுக்கும். உப்புத்தாளால் தேய்ப்பு, சொல்யூஷன், ஒட்டு, டியூப் உள்ளே. செயினை அவிழ்க்க வேண்டாம், அச்சு நட்டைத் தொட வேண்டாம். சக்கரம் அந்தரத்தில் நின்றால்தான் இந்த வித்தை நடக்கும்.

பெண்டு எடுப்பதும் அதே ஸ்டாண்டில்தான். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கண்ணாலேயே அளந்து, அந்த இடத்துப் போக்ஸ் கம்பியை ஒரு திருகு. முன்சக்கரத்துக்கு? வண்டியையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதுதான். முழு வேலை என்றால் கூரை விட்டத்திலிருந்தோ மரக்கிளையிலிருந்தோ இரண்டு சங்கிலி தொங்கும். சீட்டுக்கு ஒரு கொக்கி, ஹேண்டில்பாருக்கு ஒரு கொக்கி. கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பால்ரஸையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிக் கோத்துத் தருவார். அதற்குப் பெயர் 'ஓவராயில்'! ஆங்கிலத்தின் ஓவர்ஹாலுக்கு நம் ஆட்கள் எண்ணெய் விட்டுச் செய்த மொழிபெயர்ப்பு. மூலத்தைவிட இதுதான் பொருத்தமாக இருக்கிறது என்பேன்.

ஸ்டாண்டின் உபயோகம் அதோடு நிற்கவில்லை. சாணை பிடிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? தெருமுனையில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை மிதிப்பார். சக்கரம் சுழன்று, பெல்ட் வழியாகச் சாணைக்கல்லைச் சுற்றும். கத்தியில் பொறி பறக்கும். கரண்ட் போன ராத்திரிகளில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அண்ணன் மிதிக்க, டைனமோ வெளிச்சத்தில் தம்பி படித்த வீடுகளும் உண்டு. தங்கச்சி என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு கடையை எட்டிப் பார்த்துவிடலாம். மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரம். ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ராம் என்று இரண்டு பேர் ஒரு சின்ன சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து முதுகு வலி. வாங்கலாம் என்றால் சரியான ரிப்பேர் ஸ்டாண்டு கிடைக்கவில்லை. தாங்களே செய்தார்கள். எதை வைத்து? சாப்பாட்டு மேஜையின் கால், சிமென்ட் கலவை நிரப்பிய பீரங்கிக் குண்டின் உறை, 1937 மாடல் ஃபோர்டு லாரியின் அச்சு! காயலான் கடைச் சரக்கேதான். அதிலிருந்து 1963-ல் பிறந்தது 'பார்க் டூல்' கம்பெனி. இன்று உலகம் முழுக்க சைக்கிள் மெக்கானிக்குகள் அவர்களுடைய நீல நிறக் கருவிகளோடுதான் திரிகிறார்கள். நம்மூரில் புளியமரக் கிளையில் சங்கிலி கட்டியவருக்கு வந்ததும் அதே முதுகு வலிதான். என்ன, அவர் கம்பெனி ஆரம்பிக்கவில்லை.

தமிழ்நாட்டில் சைக்கிளே பெரிய கம்பெனியானது 1949-ல். முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். கறுப்பு வண்டி, ராடு பிரேக், அகலக் கேரியர், அதன் கீழே இரட்டைக் கால் ஸ்டாண்டு. எடை ஏறக்குறைய 20 கிலோ. மீன் கூடை, பால் கேன், வாழைத்தார் என்று எதை ஏற்றினாலும் தாங்கிய வண்டி அது. (பாரம் அதிகமானால் ஸ்டாண்டை எழுப்ப முடியாது. அதற்கு ஒரு கவைக் குச்சி, கேரியருக்கு முட்டுக் கொடுக்க.)

இப்போது தங்கச்சிக்கு வருவோம். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி மிதிக்கப் பெண் பிள்ளைகளுக்கும் அனுமதி இருந்தது. ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தெருவில் போகத்தான் பல வீடுகளில் இல்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் அந்த ஸ்டாண்டை எடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனாலென்ன என்று பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். பிறகு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசின் இலவச சைக்கிள் வந்தது. 2005-ல் மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது.

சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் வாடகை சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மீதியிருந்த மெக்கானிக்குகள் பைக்குக்கு மாறினார்கள். கியர் வைத்த புது வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக்கால் சைடு ஸ்டாண்டு. சிலவற்றில் அதுவும் கிடையாது. சைடு ஸ்டாண்டு வண்டியைச் சாய்த்து வைக்கும், சக்கரத்தைத் தூக்காது. தெருவில் கடையும் இல்லை, வண்டியில் ஒர்க்‌ஷாப்பும் இல்லை என்றால், ஒரு செயின் பிரச்னைக்குப் பள்ளிக்கூடப் பெண் என்ன செய்வாள்? வீட்டு ஆண்களை எதிர்பார்ப்பாள். அவர்களுக்கும் தெரியாது. வண்டி திண்ணையில் துருப்பிடிக்கும். கடலூர்க் கடற்காற்றுக்கு அது ரொம்ப நாள் பிடிக்கிற வேலை இல்லை.

எனவே, வீட்டில் ஒரு ஸ்டாண்டு. ரோட்ஸ்டர் வகை வண்டி என்றால், பொருந்துகிற இரட்டைக் கால் ஸ்டாண்டு ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது. மற்ற வண்டிக்கு, பாரம் தாங்கும் விட்டமோ இரும்புக் குழாயோ இருந்தால் இரண்டு கயிறு போதும். ஒன்று சீட்டின் மூக்குக்கு, ஒன்று ஹேண்டில்பார் நடுவுக்கு. பெடல் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். வண்டியை மாட்டுவதற்கு முன் கயிற்றைப் பிடித்து உங்கள் முழு எடையோடு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஃபேன் கொக்கி வேண்டாம். கடையில் கிளாம்ப் வைத்த ஸ்டாண்டு வாங்குவதானால் சீட்டுத் தண்டைக் கவ்வவிடுங்கள். ஃபிரேமின் மெல்லிய குழாயைக் கவ்வினால் நசுங்கும். கார்பன் வண்டி என்றால் விரிசலே விடும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியைப் பழைய பழக்கத்தில் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். உள்ளே காற்றுக் குமிழி ஏறி பிரேக் பிடிக்காமல் போகலாம்.

கயிறு கட்டியாகிவிட்டதா? முதல் வேலையாகச் செயினைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டச் சொல்லிப் பெண்ணிடமே கொடுங்கள். கிரீஸ் துடைக்கப் பழைய பனியன் போதும். பூவரசு கிடைத்தால் இன்னும் விசேஷம்.