கரண்டு வைத்த பிறகு: இடுப்புக் கதிர்சிகிச்சையின் எழுதப்படாத பக்கம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். அவ்வூரும் செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த பிற ஊர்களும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துப் பெண்களின் புற்றுநோய் வரலாற்றை எழுதப் புகுவோரோ, சிகிச்சை தேடி அவர்கள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் சென்ற பாதைகளையே பின்தொடர வேண்டியிருக்கிறது.

கருப்பையின் கீழ்க்கழுத்தில் தோன்றும் கருப்பை வாய்ப் புற்றுநோய் தமிழ்ப் பெண்களை நெடுங்காலம் மிகுதியாகத் தாக்கி வந்ததோடு, பெரும்பாலோர் அறுவைக்குரிய நிலையைக் கடந்த பின்னரே மருத்துவமனையை அடைந்தமையால், கதிர்சிகிச்சையே அவர்களுக்கு முதன்மை மருத்துவமாயிற்று. 1934இல் சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையமும், 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், 1964இல் புதுச்சேரியில் ஜிப்மரும் தோன்றின. சிற்றூர் மக்கள் இச்சிகிச்சையைக் ‘கரண்டு வைத்தல்’ என்றனர். இன்றும் அவ்வாறே சொல்கின்றனர்.

இந்நிறுவனங்களின் வரலாறு கதிர் பாய்ச்சும் கோபால்ட் கருவியின் வருகையாகவும் காப்பாற்றப்பட்ட உயிர்களாகவும் எழுதப்பட்டது முற்றிலும் தகும். எனினும் பிழைத்தெழுந்த பெண்ணின் உடலில் நேர்ந்தது என்ன என்ற கேள்வி அதில் விடுபட்டுப்போனது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிரும், கருப்பைக்குள்ளும் யோனியிலும் கதிரியக்கப் பொருளை வைக்கும் உட்கதிர்சிகிச்சையும் புற்றை அழிக்கையில், யோனியின் மென்சவ்வையும் நுண் இரத்தக் குழாய்களையும் தாக்குகின்றன. சவ்வு மெலிந்து வறண்டு, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தழும்பு இறுகி, யோனி குறுகுகிறது. கதிருக்கு எளிதில் இரையாகும் சூலகங்கள் செயலிழப்பதால், முப்பது வயதுப் பெண்ணுக்கும் மாதவிடாய் நின்றுபோகிறது. கூடலின்போது வலியும் இரத்தக்கசிவும் நேர, காரணம் அறியாத தம்பதியர் விலகுகின்றனர். புற்று தொற்றிவிடும், கதிர் உடலில் தங்கியிருக்கும் என்ற அச்சங்களும் அவ்விலகலை வளர்க்கின்றன. புற்று கூடலால் தொற்றுவதில்லை. வெளிக்கதிரோ, சிகிச்சை முடிந்ததும் அகற்றப்படும் உட்கதிர்ப் பொருளோ கதிரியக்கத்தை உடலில் விட்டுச் செல்வதுமில்லை.

மருத்துவ உலகம் இப்பின்விளைவுகளைக் கவனிக்கத் தொடங்கியது தாமதமாகவே. சூலகங்களைக் கதிர்ப்பாதையிலிருந்து விலக்கி மேலே நகர்த்திப் பொருத்தும் அறுவை முறை 1958இல் விவரிக்கப்பட்டது. அறுவைக்கு ஆட்பட்டோரைவிடக் கதிர்சிகிச்சை பெற்றோரே பாலுறவுச் சிக்கலால் மிகுதியாக அல்லலுற்றனர் என்று அமெரிக்க மருத்துவர் அபிட்பாலும் டேவன்போர்ட்டும் 1974இல் காட்டினர். பின்னர், அழற்சி தணிந்தபின் சில வாரங்களில் தொடங்கி வாரத்திற்கு இரண்டு மூன்று முறை மென்மையாகப் பயன்படுத்தப்படும் உருளை வடிவ யோனி விரிப்பான்களும், வழவழப்பூட்டும் களிம்புகளும், மருத்துவர் தகுதி நோக்கித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் வழக்கிற்கு வந்தன. விரிப்பானுக்கான சான்றுகள் பெரும்பாலும் கூர்நோக்கு ஆய்வுகளிலிருந்தே கிடைத்தவை என்பதையும் மறைக்கலாகாது. 2000க்குப் பின் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு உட்கதிர்சிகிச்சையைத் திட்டமிடும் முறை பரவியதால், புற்றுக்குரிய அளவைக் குறைக்காமலே யோனியின் மேல் விழும் கதிரளவைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த இயன்றது. பின்னால் வந்து சேரும் துன்பத்தை முன்கூட்டியே திட்டத்தில் தடுப்பது என்ற வகையில், இதுவே இவ்வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் எனலாம்.

இப்பாதுகாப்பு முறைகள் சிற்றூர்ப் பெண்ணை எட்டத் தடையாக நிற்பது விரிப்பானின் விலையைவிட, அதுபற்றிப் பேசும் கூச்சமே. கணவரை இழந்தோருக்கும் வயதானோருக்கும் விரிப்பான் வேண்டியதில்லை என்ற எண்ணம் ஆதாரமற்றது. யோனி குறுகிவிட்டால், நோய் மீளுகிறதா என்று மருத்துவர் உள்ளே பார்க்கும் தொடர் பரிசோதனையே கடுமையான வலி தருவதாகவோ இயலாததாகவோ ஆகிவிடும் என்பதால், கூடலை நாடாத பெண்ணுக்கும் விரிப்பானைப் பயன்படுத்தும் முறையைச் செவிலியர் தனியறையில், அவளுக்குப் புரியும் பேச்சில், கதிர்சிகிச்சை முடிவதற்கு முன்பே சொல்லித் தருவது மருத்துவத்தின் பகுதியாகிறது.